பொய் சொல்லாத பெட்டியும் உக்கிரபாண்டியும்

போடிநாயக்கனூர் ஜீப் ஸ்டாண்டில் கடவுள் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவர் உக்கிரபாண்டி ஒருவர்தான். அவருடைய பெயரோ மதுரை மீனாட்சியின் மகனுடைய பெயர். இதை யாராவது எடுத்துக்காட்டினால், "பேரு எங்கப்பன் வச்சது. அவரு செஞ்ச தப்புக்கு நான் ஜெயிலுக்குப் போகணுமா?" என்பார். எதற்கும் ஒரு மறுப்பு அவரிடம் தயாராக இருக்கும். மழை வரும் என்றால் வராது என்பார். வந்துவிட்டால், இதெல்லாம் மழையா, தூறல் என்பார்.

எழுபதுகளின் தொடக்கத்தில், மீசை அரும்பும் வயதில், ஒரு பொதுக்கூட்டத்தில் யாரோ பேசியதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து சாமி விளக்கை ஊதி அணைத்தார். அன்று அப்பாவிடம் வாங்கிய அடியில் கொள்கை நன்றாக இறுகிப்போயிற்று. பிறகு கறுப்புச் சட்டை வந்தது. சட்டைக்குப் பின்னால் டிரைவர் லைசென்சு வந்தது. கல்யாணமும் வந்தது, தாலி கட்டமாட்டேன் என்று மூன்று நாள் அடம்பிடித்துவிட்டு நான்காம் நாள் கட்டினார். "அது தாலி இல்லடா, ஒரு அடையாளம்" என்று நண்பர்களிடம் விளக்கினார். நண்பர்கள் சாப்பாட்டில் கவனமாக இருந்தார்கள்.

தொழில் என்னவென்றால், விடிந்ததும் ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் பெண்களை ஜீப்பில் அடைத்துக்கொண்டு போடிமெட்டு ஏறுவது; மாலையில் ஏலக்காய் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு இறங்குவது. அந்த மலைப்பாதையில் பாதி ஏற்றத்தில் ஒரு கொண்டையூசி வளைவு. வளைவின் ஓரத்தில் குங்குமம் அப்பிய ஒரு கல். எல்லா டிரைவர்களும் அங்கே வேகத்தைக் குறைத்து, ஹாரனை ஒரு தட்டுத் தட்டி, ஒரு காசை விட்டெறிந்துவிட்டுப் போவார்கள். உக்கிரபாண்டி மட்டும் அந்த இடத்தில் ஆக்சிலேட்டரை மிதிப்பார். கொள்கை. பின்னால் இருக்கும் பெண்கள் கண்ணை மூடிக்கொண்டு தங்களுக்காக ஒரு கும்பிடும் டிரைவருக்காக ஒரு கும்பிடும் போட்டுக்கொள்வார்கள்.

1978 ஐப்பசியில், மேலேயிருந்து தனியாக இறங்கும்போது பிரேக் பிடிக்கவில்லை. வளைவில் ஜீப் நேராகப் போய் அந்தக் கல்லில் மோதி, முனகி, நின்றது. முன்சக்கரம் ஒன்று பள்ளத்துக்கு மேலே அந்தரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. உக்கிரபாண்டி இறங்கி உட்கார்ந்து யோசித்தார். கல் கனமானது. கனமான பொருளில் மோதினால் வண்டி நிற்கும். இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனாலும் எழுந்தார். ரோட்டில் இரண்டு பக்கமும் பார்த்தார். யாரும் இல்லை. கல்லைத் தொட்டு, "ரொம்ப நன்றிங்க" என்றார்.

அன்றிலிருந்து, தனியாக இறங்கும் நாட்களில் அந்த வளைவில் ஜீப் நிற்கும். ஒரு துண்டு சூடம் எரியும். சாமிக்கு இல்லை, கல்லுக்கு. உதவி செய்தவனுக்கு நன்றி சொல்ல அவன் சாமியாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லையே. ஏறும்போது ஜீப் நிறைய ஆட்கள் இருந்ததால் கொள்கை அப்படியே இருந்தது. இறங்கும்போது மூட்டைகள்தான் உடன் வந்தன. மூட்டைகள் எதையும் வெளியே சொல்வதில்லை.

இப்படிப் பல வருடம் ஓடியது. 1987 மார்கழியில் ஒரு மூட்டை காட்டிக்கொடுத்தது.

அதைச் சொல்வதற்கு முன்னால் சத்தியநேசனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கடைவீதியில் தட்டச்சுப் பள்ளி நடத்திக்கொண்டிருந்தவர். அந்த வருடம் மதுரையிலிருந்து ஒரு கம்ப்யூட்டரை வாங்கிவந்து மாடி அறையில் வைத்தார். போடியில் அதுதான் முதல் என்று அவரே சொல்லிக்கொண்டதால் ஊரும் அப்படியே சொன்னது. வாசலில் ஒரு போர்டு: "மறக்காது! களைக்காது! பொய் சொல்லாது!" ஏலக்காய் வியாபாரிகள் கணக்குகளைக் கொண்டுவந்து குவிப்பார்கள் என்று காத்திருந்தார். ஒருவரும் படியேறவில்லை. மறக்கவும் செய்யாது, பொய்யும் சொல்லாது என்றால் அப்படிப்பட்ட ஆளிடம் எந்த வியாபாரி கணக்கைக் கொடுப்பான் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. எம்.ஏ. படித்தவர்.

விற்ற கம்பெனிக்காரன், தூசி ஆகாது, சூடு ஆகாது என்று சொல்லிப் போயிருந்தான். அதனால் செருப்பை வெளியே கழற்ற வேண்டும். உள்ளே ஏ.சி. ஓடியது. பெட்டிக்கு ஒரு பட்டுத்துணி போர்வை, சன்னலுக்குத் திரை, யாரும் தொடக்கூடாது என்ற கண்டிப்பு. ஊருக்கு வேறு என்ன அடையாளம் வேண்டும்? கீழே போகிறவர்கள் மாடியை நோக்கிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

பெட்டிக்குள் ஒரு மூளை தண்ணீரில் மிதக்கிறது என்று சிலர் சொன்னார்கள். இல்லை, எல்லாம் கம்பிதான், ஆனால் ஆளைப் பார்த்த மாத்திரத்தில் உள்ளே இருப்பதைப் படித்துவிடும் என்று விவரம் தெரிந்தவர்கள் திருத்தினார்கள். அடுத்த வருடம் அதுவே ஜீப்பும் ஓட்டும் என்று ஸ்டாண்டில் ஒரு பயம் இருந்தது. "ஓட்டட்டும். செக்போஸ்ட்டுல டீ வாங்கிக் குடுத்துப் பேசுறதுக்கு அதுக்கு வாய் இருக்கா?" என்று ஒருவர் கேட்டபிறகு பயம் கொஞ்சம் தணிந்தது.

அதை இயக்கத் தெரிந்தவள் ஒருத்திதான், சத்தியநேசனின் அண்ணன் மகள் புஷ்பலதா. மதுரையில் அதற்கென்றே படித்துவிட்டு வந்தவள். "கூட்டச் சொன்னா கூட்டும், கழிக்கச் சொன்னா கழிக்கும். நாம சொல்றதைச் செய்யும். வேற ஒரு மண்ணும் தெரியாது" என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னாள். யாரும் நம்பவில்லை. கருவறைக்குள் போய்வருகிறவள் அங்கே ஒன்றுமில்லை என்றால் எப்படி நம்புவது?

ஸ்டாண்டிலேயே அந்தப் பெட்டியை அதிகமாக நம்பியவர் உக்கிரபாண்டி. "மனுசன் செஞ்ச மெஷினு. அதுக்குச் சாதி உண்டா? மாமன் மச்சான் உண்டா? ஒருத்தன் வீட்ல கை நனைக்குமா? அதுதான்யா நாளைக்கு நமக்கெல்லாம் நியாயம் சொல்லப்போகுது" என்று டீக்கடையில் முழங்குவார். இனி மூட்டைக்கு வருவோம்.

போடிமெட்டுக்கு மேலே தோட்டம் வைத்திருந்த சோலைமலை, பதினோரு மூட்டை ஏலக்காயை உக்கிரபாண்டியின் ஜீப்பில் ஏற்றி அனுப்பினார். போடிமெட்டு செக்போஸ்ட்டில் எண்ணியபோதும் பதினொன்று. போடியில் இறக்கும்போது பத்து. அன்று மலை முழுக்க மஞ்சு மூடியிருந்தது. வழக்கமான வளைவில் வழக்கமான காரியத்துக்காக உக்கிரபாண்டி ஜீப்பை இறக்கத்தில் சடக்கென்று நிறுத்தியிருந்தார். யாராவது வந்துவிடுவார்களோ என்று முன்னால் பார்த்தாரே தவிரப் பின்னால் பார்க்கவில்லை.

"எங்க மாப்ளே நிப்பாட்டுனே?" என்று கேட்டார், முன்னாலேயே பஸ்ஸில் இறங்கிவந்திருந்த சோலைமலை.

"எங்கயும் நிப்பாட்டலை. ஒரே எறக்கம்" என்றார் உக்கிரபாண்டி. யோசித்துச் சொல்லவில்லை. பல வருடப் பழக்கம் வாயை முந்திக்கொண்டது.

சொன்ன பிறகுதான் தெரிந்தது, அந்தப் பதில் தன்னைத் திருடனாக்கிவிட்டது என்று. எங்கும் நிற்காத ஜீப்பிலிருந்து, கயிறு போட்டுக் கட்டிய மூட்டை போயிருந்தால் டிரைவர்தான் எங்கேயோ தள்ளிவிட்டிருக்க வேண்டும். ஸ்டாண்டுக்கு ஒரு வழக்கம் இருந்தது. லோடு விஷயத்தில் பேச்சு வந்தால், டிரைவர் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். செய்கிறவரைக்கும் ஸ்டாண்டு வரிசையில் அவன் வண்டிக்கு முறை கிடையாது. ஓரமாக நிற்க வேண்டியதுதான். செய்யவே மாட்டேன் என்றால் ஸ்டாண்டை விட்டே போக வேண்டியதுதான்.

ஸ்டாண்டுக்குத் தலைவர் ஜக்கையன், வயதில் மூத்த டிரைவர். "வெரசா வந்து சூடத்தை அமத்திட்டுப் போ. உன்னையத் திருடன்னு நானே நெனைக்கலை" என்றார்.

"அண்ணே, கல்லு முன்னாடி நின்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். உங்களுக்கே தெரியும்."

"தெரியும். அப்ப வண்டியை ஓரங்கட்டு."

உக்கிரபாண்டிக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏன், ஊர்ல சாமியை விட்டா நாதி இல்லையா? மெஷின் வந்திருக்குல்ல? அது முன்னாடி உக்கார்றேன். அது சொல்லட்டும், நான் திருடுனேனா இல்லையான்னு."

ஜக்கையன் சோலைமலையைப் பார்த்தார். சோலைமலைக்கு இது கோயிலைவிடப் பலமானதாகத் தோன்றியது. சாமியாவது சில சமயம் மன்னித்துவிடும்.

"நாளைக்குச் சாயங்காலம்" என்று முடிவாயிற்று.

மறுநாள் மத்தியானம் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தபோது உக்கிரபாண்டி நிம்மதியாகத்தான் இருந்தார். திருடாதவனுக்கு என்ன பயம்? குழம்பை ஊற்றிக்கொண்டே மனைவி மாயக்காள் கேட்டாள்.

"அது நீங்க திருடுனீங்களான்னு மட்டுமா பாக்கும்?"

"வேற என்னத்தப் பாக்கும்?"

"உள்ள இருக்கிறது பூராத்தையும் படிக்கும்னு நீங்கதானே சொன்னீங்க? அந்தச் சூடத்தையும்ல படிச்சுப்புடும்."

உக்கிரபாண்டியின் கை தட்டிலேயே நின்றது. "எந்தச் சூடம்?"

"உங்க சட்டைப் பையைத் துவைக்கிறது நான்தானே. சாமி படம் இல்லாத வீட்ல சட்டை மட்டும் கோயில் மாதிரி மணக்குது. நானும் கல்யாணம் ஆன புதுசுல சண்டை போடலாம்னு நெனைச்சேன். பிறகு, போகுது, மனுசன் உசுரோட எறங்கி வர்றாருல்லன்னு விட்டுட்டேன்."

அவர் தட்டைத் தள்ளிவைத்தார். பேசியபோது குரல் இறங்கியிருந்தது. "சூடத்தைச் சொன்னா ஸ்டாண்டுல தலை காட்ட முடியுமாடி? இத்தனை வருசமாப் பேசுன பேச்சு என்ன ஆகுறது?"

"திருடன்னா மட்டும் தலை காட்டலாமாக்கும்?"

"நீயும் வா. கூட ஒரு ஆள் இருந்தா..."

"ஆத்தாடி, நான் வரமாட்டேன். எனக்கும் ஏதாச்சும் படிச்சுச் சொல்லிருச்சுன்னா?" என்று சொல்லிவிட்டு மாயக்காள் சோற்றுப்பானையோடு உள்ளே போய்விட்டாள். அவளுக்குள் படிப்பதற்கு என்ன இருந்தது என்பது உக்கிரபாண்டிக்குக் கடைசிவரை தெரியவில்லை. அந்தக் கவலையும் சேர்ந்துகொண்டது.

சாயங்காலம் மாடிப்படியில் செருப்புகள் குவிந்தன. ஜக்கையன் குளித்துவிட்டு வந்திருந்தார். சோலைமலையின் நெற்றியில் விபூதி. டிரைவர்கள் நாலைந்து பேர் சுவரோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அறையின் குளிர் காலிலிருந்து ஏறியது. மலையிலேயே கிடக்கிற ஆட்கள். ஆனாலும் கடைவீதியில் இப்படி ஒரு குளிரை மூடிய அறைக்குள் பார்த்ததும் பேச்சு தானாகக் கிசுகிசுப்பாகிவிட்டது.

சத்தியநேசனுக்கு இந்தப் பெட்டி இதையெல்லாம் செய்யாது என்று சொல்லிவிட ஆசைதான். ஆனால் வாசலில் மாட்டிய போர்டை இறக்காமல் அதை எப்படிச் சொல்வது? தவிர, மாடிக்கு இத்தனை பேர் ஏறிவந்தது இதுதான் முதல் தடவை.

"சித்தப்பா, இதுக்கு அதெல்லாம் தெரியாது" என்றாள் புஷ்பலதா.

"அடிச்சுத்தான் பாரேம்மா. முயற்சி பண்றதுல என்ன?"

உக்கிரபாண்டியை அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள். கறுப்புத் திரையில் பச்சையாக ஒரு சின்னக் கட்டம் மின்னி மின்னி மறைந்தது. அது தன்னைத்தான் பார்க்கிறது என்று அவருக்குத் தோன்றியது. வெறும் கண்ணாடி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அது மறுபடியும் மின்னியது.

"சொல்லுப்பா" என்றார் ஜக்கையன்.

"நான் மூட்டையைத் திருடலை. வழியில எங்கயும் நிப்பாட்டலை."

புஷ்பலதா ஆங்கில எழுத்தில் அதை அப்படியே அடித்தாள். திரையில் அதற்குக் கீழே ஒரு வரி வந்தது.

"என்னம்மா சொல்லுது?"

"புரியலைன்னு சொல்லுது."

ஜக்கையன் மெல்லத் தலையாட்டினார். "எங்களுக்கும் அதேதானே புரியலை! நிக்காத ஜீப்புல இருந்து மூட்டை எப்படிப் போகும்? பாத்தியா, நம்ம கேட்டதையே கேக்குது."

"ஐயோ அண்ணே, அது எதை அடிச்சாலும் இதைத்தான் சொல்லும். அதுக்குன்னு உள்ள பாஷை வேற."

"எதைச் சொன்னாலும் நம்பலைன்னா, எல்லாப் பயலும் பொய் சொல்றான்னுதானே தாயி அர்த்தம்?" என்றார் சோலைமலை.

புஷ்பலதா நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். பிறகு, 'இந்த ஊர் போடிநாயக்கனூர்' என்று அடித்துக் காட்டினாள். புரியவில்லை என்றே வந்தது. "பாருங்க. இது உண்மைதானே? இதையும் புரியலைங்குது."

"அது வெளியூரு மெஷினு. நம்ம ஊரு அதுக்கு எப்படித் தெரியும்?" என்றார் சுவரோரமாக நின்ற பால்சாமி. மற்ற டிரைவர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

உக்கிரபாண்டிக்கு இது எதுவும் காதில் விழவில்லை. ஏ.சி. அறையில் அவருக்கு வேர்த்தது. பச்சைக் கட்டம் மின்னிக்கொண்டே இருந்தது. மாயக்காள் சொன்னது சரி, அது படித்துவிட்டது. படித்துவிட்டு, நீயே சொல் என்று காத்திருக்கிறது.

"நிப்பாட்டுனேன்" என்றார்.

சோலைமலை ஓரடி முன்னால் வந்தார்.

"அந்த வளைவுல நிப்பாட்டுனேன். அடிச்சுக்க பாப்பா. கல்லுக்குச் சூடம் ஏத்துனேன். சாமிக்கு இல்ல, கல்லுக்கு."

புஷ்பலதா அவரை ஒருமுறை பார்த்துவிட்டு அடித்தாள். திரை புரியவில்லை என்றது.

"இன்னும் இருக்குங்குது" என்றார் ஜக்கையன்.

"சரி, சாமிக்குத்தான்!" உக்கிரபாண்டி உடைந்துபோனார். "அன்னைக்கு மட்டுமில்ல. பல வருசமா. போதுமா?"

போதவில்லை. திரைக்கு மறுபடியும் புரியவில்லை.

"எனக்கு டைபாய்டு வந்து முடி கொட்டுச்சுன்னு சொன்னேன்ல? கொட்டலை. பழனியில எறக்குனேன்."

"அடப்பாவி, நான் அதுக்கு ஆரஞ்சுப்பழம் வாங்கிட்டு வந்து பாத்தேனேடா!" என்றார் பால்சாமி.

"எஞ்சின்ல ஊறுகாய் வாசனை வருதுன்னு எல்லாரும் கேப்பீங்கள்ல? பானெட்டுக்குள்ள எலுமிச்சம்பழம் கட்டியிருக்கேன். வெளிய கட்டுனா தெரிஞ்சுரும்."

புஷ்பலதா அடிப்பதை எப்போதோ நிறுத்தியிருந்தாள். உக்கிரபாண்டி அதைக் கவனிக்கவில்லை. திரையைப் பார்த்துப் பேசிக்கொண்டே போனார். ஜக்கையனைப் பார்க்காமல், "அண்ணே, உங்க ஸ்பேனர் செட்டு காணாமப் போச்சுல்ல? இரவலா எடுத்தேன். திருப்பிக் குடுக்கலாம்னு நெனைக்கறதுக்குள்ள நீங்க பால்சாமியைப் பிடிச்சுச் சத்தம் போட்டுட்டீங்க. பிறகு குடுக்க வெக்கமாப் போச்சு. வீட்டுலதான் இருக்கு. துரு பிடிக்காம எண்ணெய் போட்டு வச்சிருக்கேன்" என்றார்.

பால்சாமி ஜக்கையனை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பல வருட வயது. ஜக்கையன் தொண்டையைக் கனைத்தார். சுவரோரமாக நின்றவர்களில் இரண்டு பேர் சத்தம் காட்டாமல் செருப்பைத் தேடிப் போய்விட்டார்கள். இந்தப் பெட்டி அடுத்து யார் பக்கம் திரும்புமோ?

"போதும் போதும். பயலுக்கு மூச்சு முட்டுது. தீர்ப்பைச் சொல்லச் சொல்லு தாயி" என்றார் ஜக்கையன் அவசரமாக.

புஷ்பலதா தன் சித்தப்பாவைப் பார்த்தாள். அவர் விட்டத்தைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த ஆளைப் பார்த்தாள். கறுப்புச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மலையில் லோடு ஏற்றி இறக்குகிற கை, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பையனின் கைபோல முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தது. இந்த ஆள் திருடியிருந்தால் அதையும் இந்நேரம் சொல்லியிருப்பார் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அதைத் தெரிந்துகொள்ள மதுரைக்குப் போய்ப் படிக்க வேண்டியதில்லை.

அவள் ஒரு வரி அடித்தாள். ஒரு பொத்தானை அழுத்தினாள். திரையில் எழுத்துகள் விழுந்தன. சத்தியநேசன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து, அவருக்கே நம்பமுடியாத குரலில் எழுத்துக்கூட்டிப் படித்தார்: "உக்கிரபாண்டி திருடவில்லை."

"யப்பா!" என்றார் சோலைமலை. ஜக்கையனின் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. "இவ்வளவு நேரமா யோசிச்சிருக்கு பாரு!"

உக்கிரபாண்டி மட்டும் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. எஸ்டேட் போர்டுகளையும் நம்பர் பிளேட்டுகளையும் பார்த்துப் பார்த்து ஆங்கில எழுத்துகள் அவருக்கு அத்துப்படி. அந்தப் பெண்ணின் விரல் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தன் பெயரை அடித்ததை அவர் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மேலே அடித்த அதே வரிதான் கீழே வந்திருந்தது. வாயிலிருந்து லிங்கம் எடுக்கிறவர்களை மேடை போட்டுத் திட்டியவர் அவர். இப்போது அதே மாதிரி ஒன்று அவருக்குச் சாதகமாக, அவருடைய மூக்குக்கு முன்னாலேயே நடந்திருந்தது.

பேசாமல் எழுந்து போயிருக்கலாம். முறை கிடைத்திருக்கும், பெயரும் கழுவப்பட்டிருக்கும். ஆனால் பேசாமல் இருந்து அவருக்குப் பழக்கமில்லை.

"யோவ், மெஷின் சொல்லலைய்யா. இந்தப் பாப்பா அடிச்சதைத்தான் அது திருப்பிக் காட்டுது. நான் பாத்தேன்."

"ஆமாண்ணே, நான்தான் அடிச்சேன். நான் இவரை நம்புறேன், அதான்" என்றாள் புஷ்பலதா, பெரிய பாரம் இறங்கியவளைப்போல.

ஜக்கையனுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏண்டா, சாமி சொன்னாத்தான் எதுத்துப் பேசுவே. மெஷினே நீ திருடன் இல்லைன்னு சொல்லுது, அதையும் எதுத்தா பேசுவே? நாளைக்கு முத முறை உன் வண்டிக்கு. போய்ச் சோலியைப் பாரு."

"எனக்கு இது வேண்டாம்ணே. மூட்டை அந்த வளைவுலதான் விழுந்திருக்கணும். சடக்குன்னு பிரேக் போட்டப்ப மேல இருந்தது சரிஞ்சிருக்கும். விடிஞ்சதும் எல்லாரும் வாங்க, பள்ளத்துல எறங்கிப் பாத்துருவோம். மூட்டை கெடந்தா நான் யோக்கியன். கெடக்கலைன்னா நானே வண்டியை ஓரங்கட்டிர்றேன்."

"அதான் கம்ப்யூட்டர் சொல்லிருச்சுல்ல, பிறகு எதுக்குப் பள்ளத்துல எறங்கணும்?" என்று கேட்டபடியே டிரைவர்கள் படியிறங்கினார்கள். ஒருவரும் வருவதாகச் சொல்லவில்லை. சோலைமலை மட்டும் நின்றார். அவருக்கு நியாயம் கிடைத்துவிட்டதே தவிர, மூட்டை இன்னும் கிடைக்கவில்லை.

மறுநாள் காலையில் முதல் முறையைப் பால்சாமிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு உக்கிரபாண்டி சோலைமலையை ஏற்றிக்கொண்டு மலையேறினார். வளைவில் இறங்கினார்கள். மஞ்சு விலகிக்கொண்டிருந்தது. கல்லுக்குப் பின்னால் சரிவு, சரிவெல்லாம் உண்ணிச்செடிப் புதர். உக்கிரபாண்டி கயிற்றை ஜீப்பில் கட்டி, மறுமுனையை இடுப்பில் சுற்றிக்கொண்டு இறங்கினார். முள் கறுப்புச் சட்டையை அங்கங்கே கிழித்தது. ஒரு இடத்தில் கால் வழுக்கி உட்கார்ந்தபடியே கொஞ்சதூரம் போனார். அங்கே, இரண்டு புதருக்கு நடுவில், பனியில் நனைந்து சாக்கு தெரிந்தது. ஒரு மூலையைக் குரங்குகள் பிய்த்திருந்தன. பிடித்தவரை தின்று, பிடிக்காததைத் துப்பியிருந்தன. பெரும்பகுதி அப்படியே இருந்தது. சோலைமலையின் அடையாளம் சாக்கில் நீல மையில் தெளிவாகத் தெரிந்தது.

"கெடக்கு!" என்று உக்கிரபாண்டி கத்தினார். குரல் எதிர்மலையில் பட்டுத் திரும்பியது. அந்தச் சந்தோஷத்தைக் கேட்க மேலே ஒரே ஒரு ஆள்தான் இருந்தார்.

கிழிந்த மூலையைத் துண்டால் கட்டி, மூட்டையை முதுகில் ஏற்றிக் கயிற்றைப் பிடித்து ஏறத் தொடங்கினார். ஈரச் சாக்கு கனத்தது. கால் வைக்கும் இடமெல்லாம் மண் உதிர்ந்தது.

மேலே சோலைமலை கல்லின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கீழே எட்டிப் பார்த்தபடி பேசிக்கொண்டிருந்தார். "பாத்தியா மாப்ளே, கம்ப்யூட்டர் சொன்னது எப்படி அச்சடிச்ச மாதிரி இருக்கு! நீ திருடலைன்னு சொல்லுச்சு. நீ திருடலை!"

உக்கிரபாண்டி வாயைத் திறந்தார். மூச்சுதான் வந்தது.

"ஆனா ஒண்ணு. எல்லாக் குரங்கும் சேந்தும் மூட்டையைக் காலி பண்ணலை பாரு. அது இந்தச் சாமி காவல் இருந்ததுனாலதான். நீ சூடம் ஏத்துனது வீண் போகலை."

உக்கிரபாண்டி ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு தலையை நிமிர்த்தினார். சொல்ல அவரிடம் எவ்வளவோ இருந்தது. சரிஞ்ச மூட்டை கீழேதான் கிடக்கும், அதுக்கு மெஷினும் வேண்டாம், சாமியும் வேண்டாம், கண்ணு இருந்தாப் போதும் என்று சொல்லவேண்டியிருந்தது. அன்று லோடுக் கயிற்றைத் தான்தான் இறுக்கிக் கட்டவில்லை என்றும் சொல்லவேண்டியிருந்தது. உதடு அசைந்தது. முதுகில் மூட்டை அழுத்தியது.

"என்ன மாப்ளே, மறுத்து ஒண்ணும் பேசக் காணோம்? ஒத்துக்கிட்டியாக்கும்!" என்றார் சோலைமலை, ரொம்பத் திருப்தியாக.

உக்கிரபாண்டி மேலே வந்துசேர இன்னும் பாதிச் சரிவு இருந்தது. அதுவரை சோலைமலை பேசிக்கொண்டேதான் இருந்தார்.